ஒராள் காத்து

தன்னாமுனைப் பெரிய றோட்டில், பஸ் நிற்கும் இடத்துக்குச் சற்று அப்பால், ஸாஹிரின் டயர் கடை இருக்கிறது. மோட்டார்சைக்கிளுக்குக் காற்றடிக்க வருகிறவர்களிடம் ஸாஹிர் கேட்பது ஒரே கேள்விதான்: "தனியாவா, டபிள்ஸா?" ஓட்டுகிறவர் மட்டும் போவதென்றால் பின் டயருக்கு ஓர் அளவு. பின்னால் இன்னொருவரை ஏற்றிக்கொண்டு டபிள்ஸ் போவதென்றால் கொஞ்சம் கூடுதல் அளவு. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் அளவுக்கெல்லாம் அடங்குகிறவர்களா? பெண்சாதியைப் பின்னாலும், பிள்ளையைப் பெற்றோல் தாங்கியிலும், அரிசி மூட்டையைக் காலடியிலும் வைத்துக்கொண்டு போகிறவர்கள். "கல்லு மாதிரி அடிங்க நானா" என்பார்கள். ஸாஹிரும் தலையை ஆட்டிவிட்டுக் கல் மாதிரியே அடித்துவிடுவான்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் வாடிக்கையாளன் அந்த வட்டாரத்தில் ஒருவன்தான். சிவதர்ஷன் என்று பெயர், பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. "தனிய. பின்னுக்கு இருபத்தொம்பது. ஒண்டும் கூடவும் வேணா, குறையவும் வேணா" என்பான். சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்று, தன் சட்டைப்பையில் இருந்து சொந்த அளவுமானியை எடுத்துக் குத்திப் பார்த்தால்தான் அவனுக்கு மனம் ஆறும். ஸாஹிரின் மானியை அவன் நம்புவதில்லை.

அவனுடைய அம்மா இலட்சுமிப்பிள்ளை நம்பினாள். எல்லாவற்றையும் நம்பினாள். அதுதான் அவளுடைய குற்றம் என்று மகள் விதுர்ஷா சொல்லுவாள்.

இலட்சுமிப்பிள்ளை கட்டியது அருமைநாயகத்தை. வாவியில் வலை போடுகிற மனிதர். அவரிடம் இருந்த ஒரே வாகனம் ஒரு பழைய சைக்கிள். அதன் கரியரில் அவளை ஏற்றிக்கொண்டு ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்குப் போவார். எங்கள் ஊர்களில் தகப்பனை இழந்தவர்கள் கடமை செய்கிற நாள் அது. அவருக்கும் தகப்பன் இல்லை. டயரில் காற்றுக் குறைந்துவிட்டால் இரண்டு பேரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். காற்றைப் பற்றி அவர்களுக்கிடையில் இருந்த கதையெல்லாம் அவ்வளவுதான்.

பிள்ளைகள் இரண்டும் தலையெடுக்கத் தொடங்கியபோது வாவி மீனை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று ஆகிவிட்டது. இலட்சுமிப்பிள்ளை குவைத்துக்குப் போனாள். அடுத்தவன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறூட்டினாள், அடுத்தவள் வீட்டுக் கக்கூசைக் கழுவினாள். ஊரில் "வெளிநாட்டுக்காரி" என்று பெயர் வந்தது. அங்கே பெயர் சொல்லி அழைக்கக்கூட ஆள் இல்லை என்பதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

மூன்றாவது முறை போயிருந்தபோது அருமைநாயகம் ஒரு விடியற்காலையில் தோணிக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். வீட்டுக்காரி கடவுச்சீட்டைக் கொடுக்கவில்லை. விருந்தாளிகள் வருகிற நாட்களாம். அடுப்படிக் குசினியில், மாவு போட்டு வைக்கிற பேணிக்குப் பின்னால் போனைச் சாத்தி வைத்து, இலட்சுமிப்பிள்ளை தன் புருஷனின் செத்தவீட்டைப் பார்த்தாள். பாடையைத் தூக்கி வாசல் படலைக்குக் கொண்டுவந்த நேரம் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி ஓடத் தொடங்கியபோது வெறும் முற்றம்தான் தெரிந்தது. பார்க்க வேண்டிய அந்தக் கணத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. அந்தக் குறை அவளுக்குள் ஒரு முள்ளாக நின்றுவிட்டது.

அவள் ஊருக்குத் திரும்பி வந்தபோது உழைப்பெல்லாம் இரண்டு பொருளாக மாறியிருந்தது. ஒன்று வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கட்டுகிறவளின் வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே வீடு விதுர்ஷாவின் பெயருக்குப் போனது. மருமகன் சுதாகரன் வந்து மண்டபத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தான். இலட்சுமிப்பிள்ளைக்குக் குசினிக்குப் பின்னால் தகரம் போட்ட அறை கிடைத்தது. தான் கட்டிய வீட்டின் முன்வாசலால் வருவதற்கே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டாவது பொருள் மோட்டார்சைக்கிள்.

"அக்காக்கு வீடு. எனக்கு என்ன?" என்று சிவதர்ஷன் கேட்டான். அவன் கேட்டதில் பிழை இல்லைதான். இவளும் கையில் மிஞ்சியதைக் கொடுத்துவிட்டாள். நீல நிறத்தில், முன்பக்கம் கூராக, பின்பக்கம் தூக்கலாக ஒரு ஓட்டப்பந்தய வண்டி வந்து முன்வாசல் கூரைக்குக் கீழே நின்றது. மழை பெய்தால் அறைத் தகரம் ஒழுகும், வண்டியில் ஒரு துளி விழாது. குவைத்திலிருந்து அவள் தோளில் சுமந்துகொண்டு வந்த, ரோசாப்பூப் போட்ட தடித்த போர்வையும் வண்டிக்குத்தான் போனது. சூடு பட்டால் டயர் இறப்பர் காய்ந்துவிடுமாம்.

அவன் அந்த டயர்களைக் கவனித்த கவனிப்பு இருக்கிறதே, அதில் கால்வாசியைப் பெற்றவள்மேல் காட்டியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திராது. விடிந்ததும், வெயில் படுமுன், குந்தியிருந்து மானியைக் குத்திப் பார்ப்பான். ஓடிவந்த டயரில் பார்க்கக்கூடாதாம், சூட்டில் காற்று உப்பிப் பொய் சொல்லுமாம். டயர் ஓரத்தில் அச்சடித்த எண்ணை நம்பக்கூடாதாம், அது டயர் தாங்கக்கூடிய உச்ச அளவாம், அடிக்க வேண்டிய அளவு வேறாம். கூடினால் வளைவில் வழுக்கும், குறைந்தால் டயர் கொதிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிமாரோடு பதுளை றோட்டில் ஓடப் போகும்போது இன்னொரு கணக்கு. இதையெல்லாம் போனில் பார்த்துப் படித்திருந்தான். சொன்னதும் சரிதான். ஒரு பொருளுக்கு எவ்வளவு பாரம் தாங்கும், எந்த நேரம் தாங்கும் என்று அவ்வளவு நுணுக்கமாக யோசிக்கத் தெரிந்தவன் அவன்.

வண்டி வந்த புதிதில் இலட்சுமிப்பிள்ளை ஒருநாள் கேட்டாள்: "மனே, என்னைச் சந்திமட்டும் ஏத்திட்டுப் போறியா? முழங்கால் குத்துது."

அவன் டயரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏலாதும்மா. டயரில ஒராள் காத்துத்தான் இருக்கு" என்றான்.

அவ்வளவுதான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. இயந்திரத்துக்கு அளவு சொன்னால் அந்த அளவை மீறக்கூடாது என்பதை அவள் அடிவாங்கிப் படித்திருந்தாள். குவைத்தில் ஒருமுறை உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குள் தடித்த போர்வைகள் இரண்டை ஒன்றாகப் போட்டுவிட்டாள். மெஷின் உறுமி நின்றுவிட்டது. வீட்டுக்காரி செருப்பைக் கழற்றினாள். அன்றிலிருந்து எந்த மெஷினைக் கண்டாலும் அவளுக்கு ஒரு பயமரியாதை. மகனின் வண்டிக்கு ஒராள் காத்து என்றால் ஒராள்தான். அதில் இன்னொருத்தி ஏற நினைப்பதே அநியாயம் என்று எண்ணிக்கொண்டாள்.

அயலில் பெண்கள் கேட்பார்கள்: "என்னகா, மகன்ட வண்டியில ஏறினியா?"

"அதில ஒராள் காத்துத்தான்கா இருக்கு" என்பாள், தெரிந்தவள் போல. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு அதுவே பரிகாசம் ஆனது. பஸ்ஸுக்குக் காலை இழுத்து இழுத்து அவள் போகையில், "ஒராள் காத்துப் போகுது" என்று யாராவது சொல்லுவார்கள். அவளுக்கும் கேட்கும். சிரித்துக்கொண்டே போய்விடுவாள். வண்டியைக் கழுவித் துடைப்பதும் அவள்தான். ஏறத்தான் முடியாது, துடைக்கலாமே.

இந்த வருஷம் சிவதர்ஷனுக்குக் கல்யாணம் பொருந்தியது. குருக்கள்மடத்துப் பெண், யசோதினி. ஆவணியில் தாலிகட்டு. கட்டியதும் அவன் அங்கே போய்விடுவான். அப்படியென்றால் வருகிற ஆடி அமாவாசைதான் அவன் இந்த வீட்டுப் பிள்ளையாக இருந்து தகப்பனுக்குச் செய்கிற கடைசிக் கடமை. இலட்சுமிப்பிள்ளைக்கு இது நெஞ்சில் ஏறிவிட்டது. கொள்ளி வைத்ததை அவள் பார்க்கவில்லை. அவள் குவைத்தில் இருந்த வருஷங்களில் அவன் தீர்த்தத்தில் முழுகியதையும் பார்க்கவில்லை. போன வருஷம் ஹோட்டலில் லீவு இல்லை என்று அவன் போகவேயில்லை. இந்த ஒரு தடவை மகனின் பின்னால் உட்கார்ந்து மாமாங்கத்துக்குப் போக வேண்டும், அவன் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவதைப் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும். அவள் தனக்கென்று கேட்டது வாழ்நாளில் இது ஒன்றுதான்.

கேட்டாள். "அமாவாசைக்கு நானும் உன்னோட வாறன் மனே. பின்னுக்கு இருந்து."

"எத்தின தரம் சொல்ற? ஒராள் காத்தும்மா."

இந்தமுறை அவளுக்கு மனம் ஆறவில்லை. ஆனாலும் அவன்மேல் கோபம் வரவில்லை, காற்றின்மேல்தான் வந்தது.

அமாவாசைக்கு முதல்நாள் டவுனில் பூவும் எள்ளும் வாங்கிக்கொண்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஸாஹிரின் கடை வாசலில் நீல வண்டி நின்றது. அவள் றோட்டைக் கடந்து போனாள்.

"எங்கட மகன்ட வண்டியெல்லோ தம்பி?"

"ஓமக்கா. பின் டயருக்கு ஆணி ஏறிரிச்சி. அடச்சிட்டன். மகன் கூட்டாளியோட போயிரிக்காரு, அந்திக்கு வந்து எடுப்பாரு" என்றான் ஸாஹிர். காற்றுக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தான்.

இலட்சுமிப்பிள்ளை பையை மற்றக் கைக்கு மாற்றினாள். "தம்பி, ஒண்டு கேக்கன். இந்த டயருக்கு ரெண்டு பேர் காத்து அடிக்க ஏலுமா?"

ஸாஹிர் அவளை நிமிர்ந்து பார்த்தான். பகிடி விடுகிறாளோ என்று நினைத்தான். "ஏன் ஏலா? தாராளமா அடிக்கலாம்."

"வண்டிக்கு ஒண்டும் ஆகாதா?"

"என்ன ஆகப்போகுது? செஞ்சவனே ஒட்டி வச்சிரிக்கான், இந்தா பாருங்க." சங்கிலி மூடியில் ஒட்டியிருந்த சிறு தாளைக் காட்டினான். ஒரு வரியில் ஓர் ஆளின் படம், அதற்கு நேரே இருபத்தொன்பது. அடுத்த வரியில் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக இரண்டு ஆட்களின் படம், அதற்கு நேரே முப்பத்துமூன்று.

அவள் குனிந்து பார்த்தாள். எத்தனை தடவை அந்தத் தாளின்மேல் துணி போட்டுத் துடைத்திருப்பாள். அழுக்குப் போகிறதா என்று பார்த்தாளே தவிர, அதில் இரண்டு பேர் இருப்பதை அவள் பார்க்கவில்லை.

"அப்ப நாலுதான் குறையிதா?"

"நாலுதான்."

"அடிக்க எவ்வளவு நேரம் போகும்?"

"நேரமா?" ஸாஹிர் சிரித்தான். "உங்கட கத முடியிறதுக்குள்ள அடிச்சிருவன். ஆனா மகன் எப்பவும் தனியாத்தானே சொல்ற? அவருக்கிட்டக் கேட்டீங்களா?"

"ஓம் தம்பி, சொல்லித்தான் இருக்கான். நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் மாமாங்கத்துக்குப் போறம்." அதுவரை யாருக்கும் பொய் சொல்லிப் பழகாத வாய், அன்றைக்குத் தட்டுத்தடுமாறாமல் சொன்னது.

ஸாஹிர் குழாயை மாட்டினான். உஸ் என்று ஒரு சத்தம், மானியின் முள் ஏறியது, முடிந்துவிட்டது. அவள் கைப்பையைத் திறந்தாள்.

"மூடுங்கக்கா. காத்துக்கு நான் காசி எடுக்கிறல்ல."

கேட்கிறவர்களுக்கு அந்த இடத்தில் வயிறு எரியும். இரண்டு வருஷமாக ஒருத்தியைப் பஸ்ஸில் இடிபட வைத்த அந்தப் பெரிய இல்லாமை, கடைவாசலில் சும்மா கிடைக்கிற சாமானாம். அவளுக்கு எரியவில்லை. சந்தோஷத்தில் முழங்கால் குத்தும் மறந்துவிட்டது. "பாவம் பொடியன், அவனுக்கு நேரம் கிடைச்சிருக்காது" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று பின்னேரம் குசினிக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையை வைத்து, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கிப் பழகினாள். வண்டியின் பின்சீற் உயரம். சாறி தடக்காமல் இருக்க எங்கே ஊசி குத்துவது என்றும் பார்த்து வைத்தாள். மருமகனிடம் ஹெல்மட்டை இரவல் கேட்டாள். சுதாகரன் எடுத்துக் கொடுத்தான். விதுர்ஷா மட்டும், "தம்பி ஏத்திட்டுப் போறனெண்டு சொன்னவனா?" என்று கேட்டாள்.

"டயருக்கு ரெண்டு பேர் காத்து அடிச்சாச்சு" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. அதற்குமேல் அதில் என்ன கேள்வி இருக்கிறது என்பது போல் இருந்தது அவள் முகம். சிவதர்ஷன் பிந்தி, ஸாஹிர் கடையைப் பூட்டுகிற நேரத்தில் போனதால், அன்று மானியைக் குத்திப் பார்க்காமலே வண்டியை எடுத்து வந்திருந்தான்.

விடிந்தது. இலட்சுமிப்பிள்ளை முழுகி, வெள்ளைக் கரை போட்ட சாறி உடுத்து, எள்ளும் பூவும் உள்ள பையைக் கையில் கோத்து, ஹெல்மட்டையும் தலையில் மாட்டிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். கிட்டத்தில் பார்த்தால் சிரிப்பு வரும் கோலந்தான். அவளுக்கு அது தெரியவில்லை.

சிவதர்ஷன் வழக்கம்போலப் போர்வையை நீக்கி, குந்தியிருந்து மானியைக் குத்தினான். பார்த்தான். இன்னொரு முறை குத்தினான்.

"ஆரு இதில கை வச்ச?"

"நான்தான் மனே அடிப்பிச்சன். முப்பத்துமூண்டு. அந்தத் தாளில ரெண்டு பேருக்குப் போட்டிருக்கிற அளவுதான். இனி ஏறலாம்."

அவன் திரும்பிப் பார்த்தான். ஹெல்மட், சாறி, ஊசி, பூப்பை எல்லாவற்றையும் பார்த்தான். வாயெடுத்து ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மறுபடி டயர்ப் பக்கம் திரும்பி, வால்வின் மூடியைக் கழற்றி, நடுவிலுள்ள ஊசியை நகத்தால் அழுத்தினான். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது.

"ஏன் மனே திறந்து விடுறாய்?"

"தனியாப் போகக்குள்ள இவ்வளவு காத்து இருந்தா வளைவில வழுக்கும்மா. விழுந்து சாகச் சொல்றீங்களா?"

"தனியா ஏன் போறாய்? நான்தான் வாறனே."

காற்றுச் சீறியது. அவன் விரலை எடுத்து மானியைக் குத்திப் பார்த்தான். இன்னும் கூடவாக இருந்திருக்க வேண்டும், மறுபடி அழுத்தினான்.

"உங்களுக்கு அதில இருக்க ஏலாதும்மா. உயரம். சாறியோட எப்பிடி?"

"நான் ஏறிப் பழகிட்டன் மனே."

கடைசியில் அவன் உள்ளதைச் சொன்னான், டயரைப் பார்த்துக்கொண்டு. "கூட்டாளிமார் எல்லாரும் அங்க வருவாங்கம்மா. சிரிப்பாங்க. அது அம்மாமார் ஏறுற வண்டியா? நீங்க பஸ்ஸில வாங்க. கோயில் வாசலில நிப்பன்."

பின்னால் கதவடியில் விதுர்ஷா தேநீர்க் கோப்பையோடு நின்றாள். மருமகன் யன்னலுக்குள் நின்றான். இலட்சுமிப்பிள்ளை ஹெல்மட்டைக் கழற்றினாள். கொக்கி இலகுவில் விடவில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்ற தன்னை நினைத்து, தகரஅறைக்குள் ஓடி ஒளிந்துவிடலாம் போல இருந்தது. இத்தனை நாள் அயலார் சிரித்தது எதற்கென்பதும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. அவள் ஒருத்திக்குத்தான் அது காற்று.

இருபத்தொன்பதில் முள் நின்றதும் அவன் மூடியைத் திருகி, பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல டயரைத் தட்டிவிட்டு எழும்பினான். வண்டி உறுமிக்கொண்டு போனது. காலியான பின்சீற் தூக்கலாக, வடிவாகத்தான் இருந்தது.

தீர்த்த நாள் பஸ்ஸைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால் வைக்க இடம் இல்லை. சத்துருக்கொண்டானைத் தாண்டியதும் வாகனங்கள் ஒன்றின்பின் ஒன்றாக நின்றுவிட்டன. இலட்சுமிப்பிள்ளை பூப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கம்பியில் தொங்கினாள். அவன் வாசலில் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறான், நிற்பான், பிந்தினாலும் பார்த்துக்கொண்டு நிற்பான் என்று தனக்குத்தானே சொன்னாள்.

பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்தாள். மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான், கூடவே அவன் குரல்: "அம்மா, முடிஞ்சுது. சரியான சனம். ஐயர் கெதியாச் செஞ்சு விட்டுட்டார். எனக்கு ட்யூட்டிக்கு நேரம் போகுது, நான் வெளிக்கிடுறன். நீங்க ஆறுதலாப் போய்க் கும்பிட்டுட்டு வாங்க."

பக்கத்தில் நின்றவளின் தோளுக்கும் கம்பிக்கும் இடையில் போனைப் பிடித்துக்கொண்டு, இலட்சுமிப்பிள்ளை வீடியோவைப் பார்த்தாள். மகன் ஈர வேட்டியோடு குந்தியிருந்தான். ஐயர் தகப்பனின் பெயரைக் கேட்டார். "அருமைநாயகம்" என்று அவன் சொன்னது தெளிவாகக் கேட்டது. எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கால் வழிந்தது. குவைத்துக் குசினியில் மாவுப் பேணிக்குப் பின்னால் பார்த்தது போலவே இதையும் பார்த்து முடித்தாள். ஒரு வித்தியாசம் இருந்தது. இந்தமுறை படம் எங்கேயும் நிற்கவில்லை. கவரேஜ் நன்றாக இருந்தது.

அவள் அழவில்லை. பஸ்ஸுக்குள் அழுவதற்கும் இடம் வேண்டும். கடல் கடந்து இருந்தபோது கடவுச்சீட்டை ஒருத்தி பூட்டி வைத்தாள், அதற்கு ஒரு நியாயமாவது சொல்லிக்கொள்ளலாம். இது தன்னாமுனைக்கும் மாமாங்கத்துக்கும் நடுவில். பிறகு அவள் கோயிலுக்குப் போய்த் தனியாக முழுகினாள், பூவைக் குளத்தில் விட்டாள். தாய் செத்தவர்கள் கடமை செய்கிற நாள் சித்திரா பௌர்ணமி. தான் போன பிறகு அதற்கும் அவன் இருபத்தொன்பதில்தான் வருவான் என்று ஈரத்தோடு நின்று நினைத்தாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அவன் குருக்கள்மடம் போனான். சில நாள் கழித்து இரண்டு பேரும் வந்து, மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு, ஓர் இரவு தங்கினார்கள். மறுநாள் விடியவே வெளிக்கிட்டார்கள். யசோதினி நல்ல பிள்ளை. பட்டுச்சாறி உடுத்திருந்தாள். ரோசாப்பூப் போர்வையையும் மடித்துக் கட்டி எடுத்து வைத்திருந்தார்கள், அங்கேயும் வெயில் உண்டல்லவா.

சிவதர்ஷன் டயரடியில் குந்தியிருந்தான். பக்கத்தில் ஒரு சின்னக் காற்றுப் பம்பு, புதிது. அழுத்துவான், மானியைக் குத்துவான், மறுபடி அழுத்துவான். முப்பத்துமூன்றில் நிறுத்தி மூடியைத் திருகினான். "ஏறு, காத்துச் சரியா இருக்கு" என்றான். யசோதினி சாறியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்து, ஒரு பக்கமாகக் காலைப் போட்டு வடிவாக ஏறி உட்கார்ந்தாள். சாறி தடக்கவில்லை. சீற்றும் உயரமாக இல்லை.

விடைபெறுகிற நேரத்தில் எதையாவது அன்பாகச் சொல்ல வேண்டுமே என்று அந்தப் பிள்ளை கேட்டாள்: "மாமி, நீங்க இதில ஏறிப் போயிருக்கிறீங்களா?"

சிவதர்ஷன் ஹெல்மட் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் கை நின்றது.

"இல்ல மகள்," என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "எனக்குத்தான் காத்துக் காணாது."

யசோதினிக்கு விளங்கவில்லை, சும்மா சிரித்தாள். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான், திரும்பிப் பார்க்கவில்லை. போர்வை இல்லாத முன்வாசலை இலட்சுமிப்பிள்ளை கூட்டினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.